கல் தூசியும் டி.பி. மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் வீட்டுக்காரர் கல் கிரஷரில் வேலை பார்த்தவர். சல்லடை ஓடும்போது எதிரே நிற்கும் ஆள் தெரியாது. மூக்கில் கட்ட ஒரு துண்டுதான். இருமல் வந்ததும் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமியே இல்லை. பிறகுதான், கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் என்றார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்தால் விழுந்ததுதானாம். இப்போது உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகச் சேர்த்திருந்தார்கள். ஆனால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எந்த டாக்டரும் முதலில் கேட்கவில்லையே! ராஜஸ்தானில் 2019-லேயே தனிக் கொள்கை கொண்டுவந்து உதவித்தொகை தருகிறார்கள். இங்கேயும் அது வேண்டும். கிரஷர்களில் தண்ணீர் தெளிப்பான் அதிகாரி வரும் நாளில் மட்டுமல்ல, தினமும் ஓட வேண்டும்.

– ஒரு தொழிலாளியின் மனைவி, கரூர் மாவட்டம்