எல்இடி சுற்றில் வகுப்பதற்கு முன் கழிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த எல்இடி விளக்குச் செய்முறையில் படமும் பொருள் பட்டியலும் தெளிவாக இருந்தன. ஆனால், 9 வோல்ட் பேட்டரிக்கு எத்தனை ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடை) வேண்டும் என்ற கணக்கு பிழையானது. 9 வோல்ட்டை, எல்இடியில் பாய வேண்டிய மின்னோட்டமான 20 மில்லிஆம்பியரால் நேரடியாக வகுத்து, 450 ஓம் என்று விடை தரப்பட்டிருந்தது.

எல்இடியை ஒரு சிறிய பல்பு என்று எண்ணிக்கொள்வதால் வரும் பிழை இது. டார்ச் விளக்கின் பழைய பல்பில் மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டினால் மின்னோட்டமும் சற்றே கூடும். எல்இடி ஒரு டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை நெருங்கும்வரை மின்சாரத்தை அநேகமாக விடுவதே இல்லை. நெருங்கிய பிறகோ, ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு கூடினால்கூட மின்னோட்டம் மடங்குக் கணக்கில் ஏறிவிடும். அதனால் அது சூடாகும். சூடானால் அதே மின்னழுத்தத்தில் இன்னும் அதிக மின்சாரம் பாயும். இந்த ஏற்றத்தைத் தடுப்பதற்காகவே ரெசிஸ்டரைச் சேர்க்கிறோம். 9 வோல்ட்டில் 2 வோல்ட் எல்இடியிடம் போக, மீதமுள்ள 7 வோல்ட் மட்டுமே ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே இருக்கும். ஓம் விதிப்படி மின்னோட்டத்தால் வகுக்க வேண்டியது அந்த 7 வோல்ட்டைத்தான். விடை 350 ஓம். கடையில் எளிதில் கிடைக்கும் 390 ஓம் ரெசிஸ்டரை வைத்தால் ஏறத்தாழ 18 மில்லிஆம்பியர் பாயும்.

450 ஓம் வைத்தாலும் விளக்கு எரியத்தானே செய்கிறது என்று சிலர் கேட்கலாம். எரியும், எதுவும் கருகாது, வெளிச்சம் சற்றே குறையும். பிழை கண்ணில் படாமல் போவதற்கு அதுவே காரணம். அதே முறையில் ஒரு மாணவர் இரண்டு சிறிய பேட்டரிகளின் 3 வோல்ட்டில் வெள்ளை எல்இடியை எரிய வைக்க முயன்றால், கணக்கு 150 ஓம் என்று சொல்லும். ஆனால் வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் தேவைப்படுவதால் ரெசிஸ்டருக்கென்று எதுவும் மிஞ்சாது. விளக்கு மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. மாணவரோ எல்இடி பழுது என்று முடிவு செய்துவிடுவார்.

செய்முறையின் கடைசிப் படத்தில், பல நிற எல்இடிகளை இணையாக வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் கொடுத்திருந்ததும் சரியன்று. சிவப்பு தன் 2 வோல்ட்டிலேயே மின்சாரம் முழுவதையும் எடுத்துக்கொள்வதால், பக்கத்தில் உள்ள வெள்ளைக்கு வேண்டிய 3 வோல்ட் ஒருபோதும் கிடைக்காது. இணையாக வைக்கும் ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். நீண்ட கால் நேர்முனை என்பதைச் சொன்னவர்கள், கால்களை வெட்டிய பின்னர் விளிம்பில் தட்டையாக உள்ள பக்கத்தை எதிர்முனை என்று அறியலாம் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

ரெசிஸ்டரே இல்லாமல் பொத்தான் பேட்டரியில் எல்இடியைச் செருகினாலும் எரிகிறதே என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அந்தச் சிறிய பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடையே அங்கு ரெசிஸ்டரின் வேலையைச் செய்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால், 9 வோல்ட் பேட்டரியிலும் அப்படியே செய்து பார்ப்பார்கள்.

1970களின் தொடக்கத்தில் பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸுக்கு வந்த முதல் தொழிற்சாலைகளுள் ஒன்றான லிட்ரோனிக்ஸ், எல்இடி செய்யும் நிறுவனம். பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளின் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே இது சரியாகக் கிடைக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, நிறத்துக்கு ஏற்ற மின்னழுத்தங்களோடு, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை எல்இடியின் இரு கால்களிலும் பிறகு ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வைத்து அளந்து, இரண்டையும் கூட்டினால் பேட்டரியின் மின்னழுத்தம் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விலை குறைந்த மல்டிமீட்டரே இதற்குப் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு