துப்பாக்கிக் குழலுக்குள் ஓர் உத்தியோகம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது நிம்மதி. "இயந்திரவியல் படித்துவிட்டுக் கடல் தாண்டிப் போய்த் துப்பாக்கி துடைக்கிறாயா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், துடைக்கிறேன். பட்டாளத்தில் .303 ரைஃபிளோடு காலம் தள்ளியவர் நீங்கள். உங்களிடம் என் வேலையைப் பெரிதாக்கிச் சொல்ல முடியாது. நடப்பதை அப்படியே எழுதுகிறேன்.

வேட்டைக் காலம் நெருங்கும்போது, நான் வேலை செய்யும் துப்பாக்கிப் பட்டறையில் துப்பாக்கிகள் குவிந்துவிடுகின்றன. அப்பா சுட்டது, தாத்தா வைத்திருந்தது, பரணில் கிடந்தது என்று வாடிக்கையாளர்கள் கொண்டுவருகிறார்கள். "குறி தவறுகிறது, குழல் தேய்ந்துவிட்டது, புதுக் குழல் போடுங்கள்" என்பதே பெரும்பாலும் அவர்களுடைய புகார். முதலாளி பதில் பேசமாட்டார். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்டைக் கழற்றி, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளுவார். நான் மறுபடியும் பார்ப்பேன். எத்தனை பேர் பார்த்திருந்தாலும் கையில் வாங்குகிறவன் பார்த்தே ஆக வேண்டும். இந்த விதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மெல்லிய கேமராவைக் குழலுக்குள் விடுவோம். ரவையின், அதாவது குழலிலிருந்து பறக்கும் குண்டின், மேலுறையில் நூற்றுக்கு 90 முதல் 95 பங்கு செம்பு, மீதி துத்தநாகம். ஒவ்வொரு வெடியிலும் அதில் கொஞ்சம் குழலின் சுழல்வரிகளில், அதாவது ரவையைச் சுழலவைக்கும் உள்வரிகளில், அப்பிக்கொள்கிறது. வெடிமருந்து எரிந்த கரி அதன்மேல் படிகிறது; அடுத்த ரவை அந்தக் கரிமேல் மறுபடியும் செம்பைத் தேய்க்கிறது. வருடக்கணக்கில் துடைக்காத குழலில் கரியும் செம்பும் மாறி மாறி அடுக்கடுக்காக இருக்கும். இதனால்தான் செம்பைக் கரைக்கும் மருந்தை மட்டும் ஊற்றிவிட்டு, "ஒன்றும் வரவில்லை, குழல் சுத்தம்" என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். மேலே இருக்கும் கரியை அந்த மருந்து ஊடுருவுவதில்லை.

ஆகவே முதலில் கரி. கரி கரைக்கும் திரவத்தைப் பூசி ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷைப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் முழுவதுமாகத் தள்ள வேண்டும். நடுவழியில் திருப்பி இழுத்தால் பிரஷ் பாழ். பிரஷ் மாட்டிய கம்பி ஆடாமல் நேராகப் போக, போல்ட் இருந்த இடத்தில் ஒரு குழாய்வழி பொருத்துகிறோம். குழல்வாயின் விளிம்பில் கம்பி உராய்ந்து சிறு தேய்மானம் விழுந்தாலே ரவை கோணலாகப் புறப்படும். தோட்டா அறைக்குச் சற்று முன்னால் வளையம்போல் இறுகும் கரிதான் எல்லாவற்றிலும் மோசம். சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டுக்கு நெருக்கமான அழுத்தத்தில் வெந்து வெந்து இறுகியது. அடிபிடித்த பால் பாத்திரம் போல, ஊறவைத்தவனுக்குத்தான் அது அசையும். அந்த வளையம் தடித்தால் அழுத்தம் ஏறும் ஆபத்தும் உண்டு.

கரி இளகிய பிறகு அமோனியா கலந்த செம்பு மருந்து. துணி நீலமாக வந்தால் செம்பு கரைகிறது என்று பொருள். ஆனால் துணியைத் தள்ளும் முனை பித்தளையாக இருந்தால் அந்த முனையே கரைந்து நீலம் காட்டும். அப்போது இல்லாத செம்பைத் தேடிப் பொழுது போகும். அதனால் இந்தக் கட்டத்தில் நைலான் பிரஷ்தான், முனையும் பித்தளையில் இருக்காது. நீலம் நின்றதும் மறுபடியும் கேமரா. அடியில் புதிதாகக் கரி தெரியும். மறுபடியும் கரி மருந்து. இப்படியே அடுக்கடுக்காக உரிக்க வேண்டும். ஒரு மருந்தைத் துடைத்து உலர்த்தாமல் அடுத்ததை ஊற்றுவதில்லை. புட்டியில் எழுதிய நேரத்துக்கு மேல் அமோனியாவைக் குழலில் விட்டுவைப்பதும் இல்லை. குளிர் எலும்பைக் குடைந்தாலும் ஜன்னல் திறந்தே இருக்கும். இல்லாவிட்டால் நெடி கண்ணைப் பிழிந்துவிடும். கரியோடு, வெடிமருந்தைப் பற்றவைக்கும் தோட்டா மூட்டியின் ஈயமும் கலந்திருப்பதால் கையுறை இல்லாமல் தொடுவதில்லை, கை கழுவாமல் சாப்பிடுவதில்லை. சித்தியிடம் இதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கவலைப்படுவார்கள்.

எதற்கும் அசையாத குழலுக்குத் தேய்ப்புக் களிம்பு இருக்கிறது. அவசரக்காரர்கள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்து கரைப்பது அழுக்கை மட்டும், களிம்பு தேய்ப்பது எதிரே இருப்பதை எல்லாம். கரி வளையம் இருக்கும் இடத்தில் மட்டும், கொஞ்சமாக, கணக்காகத் தேய்க்கிறேன்.

எல்லாக் குழலும் பிழைப்பதில்லை. பழைய ராணுவத் தோட்டாக்களின் மூட்டி விட்டுப்போகும் உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெந்நீர் ஊற்றாமல் வைத்தவர்களின் குழலில் அழுக்கை உரித்தால் அடியில் துருக்குழிகள் வாயைப் பிளக்கின்றன. அப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். மற்றவை பளபளக்க வேண்டும் என்பதில்லை. சுழல்வரியின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் நிறுத்திவிடுவேன். உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி, "சுடுவதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், முதல் சில வெடிகள் இடம் மாறி விழும், பயப்படாதீர்கள்" என்று சொல்லிக் கொடுப்பேன். புதுக் குழல் கேட்டு வந்தவர் பழைய குழலோடு திரும்பிப் போகும்போது முதலாளிக்கு வருமானம் குறைவுதான். இருந்தும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. இங்கே எனக்குப் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் வந்த ஒரு .303இன் வாயருகே ஒரு பக்கம் மட்டும் வழித்தடம்போலத் தேய்ந்திருந்தது. குழலைத் துடைக்க உள்ளே விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிற்றைச் சாய்வாக இழுத்ததால் வந்த தேய்மானம் என்கிறார் முதலாளி. கயிற்றில் கம்பி வலை சுற்றி இழுப்பதை ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் படைப் பணியாளரின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்றும் கேள்விப்பட்டேன். உங்கள் படைப்பிரிவில் அது எப்படி நடந்தது, கயிற்றை நேராக இழுக்க எப்படிப் பழக்கினார்கள் என்று விவரமாக எழுதுங்கள். முதலாளிக்குப் படித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சித்திக்கும் தம்பிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்