நம்ம மடவை ஆந்திரா போயிடுச்சு

டேய் மச்சி,

ஆறு மாசமா ஒரு மெசேஜ் கூட போடல, திட்டணும்னா திட்டிட்டு மேல படி. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே தான். சொட்டைக்கு இன்னும் பொண்ணு கிடைக்கல.

பசங்கள வச்சு மடவை மாதிரி ஒரு ரோபோ மீன் பண்றேன்னு சொன்னேன்ல, குழம்புக்கு ஆகுமான்னு கூட கேட்டியே, அது நீந்திடுச்சுடா! மொதல்ல வால் ஆடுனா தலையும் சேர்ந்து ஆடும், நம்ம பி.டி. வாத்தியார் டான்ஸ் மாதிரி, ஒரு முழம் நகராது. சித்தப்பா தான் உயிரோட ஒரு மடவைய தொட்டில விட்டு, முன்பக்கம் கட்டையா நிக்குது, பின்னாடி மட்டும் தான் ஆடுது பாருடான்னு காட்டுச்சு. தலைல வலைக்கு கட்டுற ஈயக்குண்ட வச்சு, வால சிலிகான்ல ஊத்தி நுனிக்கு போகப்போக மெலிசாக்குனோம், அவ்வளவு தான், சர்ருனு போச்சு. போட்ல சுத்துற காத்தாடி மாதிரி சத்தம் இல்லாததால பொடி மீனுங்க பக்கத்துலயே மேயுதுங்க.

அந்த குஷில பழவேற்காடு ஏரில விட்டோம். ஒரு அடி முங்குச்சு, ப்ளூடூத் கட்! உப்புத்தண்ணில ரேடியோ சிக்னல் செத்துடும்னு கிளாஸ்ல சொல்லித்தர்றவனே நான் தான். 2018ல அமெரிக்கா எம்.ஐ.டி. ஆளுங்க சோஃபின்னு ஒரு மீன ஃபிஜி பவளப்பாறைல விட்டப்ப, காதுக்கு கேக்காத சத்தத்துல தான் சிக்னல் அனுப்பி ஓட்டுனாங்க, 15 மீட்டருக்கும் கீழ போச்சு. நம்மளுது ஆந்திரா பக்கத்து ஆள் ஒருத்தர் வலைல போய் மாட்டிக்கிச்சு. "இதேம் சேப்பரா", இது என்ன மீனுடான்னு தூக்கிப் பாத்தாராம்.

இப்ப விஷயம் அது இல்ல. வீடியோ பாத்துட்டு ஒரு ஆள் வந்தாரு, எந்த ஆபீஸுன்னு எழுத மாட்டேன். கேமரா வைங்க, எந்த போட் எல்லை தாண்டுதுன்னு பாக்கலாம், பணம் நாங்க தர்றோம்னாரு. தூக்கமே வரல மச்சி. ஏரில முக்காவாசிக்கு மேல ஆந்திரா பக்கம், தண்ணில கோடா போட்டிருக்கு? நம்ம ஆளுங்க யாரு எங்க வலை போடணும்னு பாடு முறை வச்சு சண்டை இல்லாம வலை போடுறதே பெரும்பாடு. தலைக்கு ஈயம் குடுத்த சித்தப்பாவயே நான் வேவு பாக்கணுமா? அமெரிக்கா உளவு ஆளுங்க சி.ஐ.ஏ.வே 90கள்ல சார்லின்னு ஒரு ரோபோ கெளுத்தி செஞ்சு, அத தண்ணி சாம்பிள் எடுக்கத்தான் விட்டதா சொல்றான். எனக்கும் ஆசை அவ்வளவு தான்டா, முகத்துவாரம் மண்ணு மூடுறப்ப உப்பு எவ்வளவு ஏறுதுன்னு பாக்கணும். ஆனா அதுக்கு காசு குடுக்க யாரும் வரல, அது தான் கடுப்பு.

திங்கக்கிழமை அவருக்கு பதில் சொல்லணும். நீ ஞாயித்துக்கிழமையே சூளூர்பேட்டைலருந்து கிளம்பி வா. வலை கிழிஞ்சதுக்கு அந்த ஆந்திரா அண்ணன் 800 ரூவா கேக்கறாரு, குடுத்தா தான் மீனாம். தெலுங்குல பேரம் பேச நீ தான் வேணும்.