கொழும்புச் சாப்பாட்டுக்குப் பொகவந்தலாவைக் காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணவீக்கம் கட்டுக்குள் வந்துவிட்டது என்ற செய்தி மாதம் தவறாமல் உங்கள் பத்திரிகையில் வருகிறது. அதைப் பொய் என்று சொல்லவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம் வரை போன பணவீக்கம், 2024 செப்டெம்பருக்குப் பிறகு பல மாதம் பூச்சியத்துக்குக் கீழேயே கிடந்தது. ஆனால் அந்தப் பூச்சியம் சோத்துப் பார்சலுக்கு வந்து சேரவில்லை. 2025 ஜனவரியில் மின் கட்டணம் 20 சதவீதம் குறைந்தபோது அறையும் கட்டிலும் வாடகைக்கு விடுகிற, எனக்குத் தெரிந்த எந்தப் போடிங்காரரும் வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஜூனில் 15 சதவீதம் கூடியதை மட்டும் மறக்காமல் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

மலையில் இருக்கிற உனக்குக் கொழும்பு விலைவாசியைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். பொகவந்தலாவை டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், போன் வழியாகக் காசு அனுப்பி வாங்குகிற ஈஸி கேஷ், இதுதான் பிழைப்பு. ஈஸி கேஷ் வந்த புதிதில் மாதம் பிறந்ததும் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளிடமிருந்து காசு வரும். அப்பாவோ அம்மாவோ வந்து வாங்கிக்கொண்டு, அதே கையோடு எதிர்க் கடையில் மாவும் சீனியும் வாங்கிப் போவார்கள். இப்போது மாதக் கடைசியில் காசு இங்கிருந்து கீழே போகிறது.

போன மாதம் ஓர் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. "தம்பி, சின்னவனுக்கு ஒரு ரெண்டாயிரம் போட்டு விடுங்க. கமிஷன் காச அதுல கழிச்சிடாதீங்க, தனியா தாரேன். அவனுக்கு ரெண்டாயிரம் முழுசாப் போகணும்" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் வேலை என்று பதிவானால், அரசாங்கம் தருகிற 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாய். அந்த ரெண்டாயிரம் ஒரு முழு நாள் கொழுந்துக்கும் மேலே. மகனோ புறக்கோட்டையில் துணிக்கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்பவன்.

அவன் சோம்பேறியுமில்லை, குடிகாரனுமில்லை. விடுமுறைக்கு வந்தபோது என் கடை மேசையில் வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினான். சம்பளம் 45,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்து கையில் 41,400. மட்டக்குளியில் ஒரு வீட்டு மாடி, பலகை அடித்துப் பிரித்த அறையில் நான்கு கட்டில், கட்டிலுக்கு 13,000. சமைக்கக் கூடாது. ரைஸ் குக்கரைக் கண்டால் வீட்டுக்கார அம்மா கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுவார். உடுப்பு அயர்ன் பண்ண ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. ஆகவே மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். காலையில் பாணும் பருப்பும் ஒரு தேத்தண்ணியும், பகலில் மரக்கறிப் பார்சல், இரவில் இடியப்பமோ ரொட்டியோ. இறைச்சி, மீன் பக்கம் போகாமலே நாளுக்கு 900 என்றான். மாதத்துக்கு 27,000. மிச்சம் 1,400. பஸ் காசு, சவர்க்காரம், ரீலோட், தலைமுடி வெட்டுவது எதையும் இன்னும் எழுதவில்லை. வேலைக்குப் போய் வரும் பஸ்ஸுக்கே அந்த 1,400 போதாது. இதில் அந்தக் கட்டிலைப் பிடிக்க மூன்று மாத முற்பணம் கேட்டபோது அம்மாவின் தோடு அடகுக்குப் போனது தனிக் கதை.

சுட்டெண் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவர்கள் பார்ப்பது கொழும்பு நகரத்துக் குடும்பம் ஒன்றின் செலவை. குடும்பம் என்றால் அடுப்பு இருக்கும், ஒரு கிலோ அரிசியை நாலு பேர் பங்கு போடலாம், தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய காலத்திலும் பாதி மூடியில் சம்பல் அரைத்துச் சமாளிக்கலாம். தனியாகக் கட்டிலில் கிடப்பவனுக்கு இந்த வழி எதுவுமில்லை. நாடு அரிசிக்கு 230 ரூபாய் என்று 2024 டிசம்பரில் உச்ச விலை போட்டார்களே, அவன் அரிசியா வாங்குகிறான்? பார்சலுக்கு உச்ச விலை யாரும் போடவில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்ட வாரியாக வறுமைக் கோடு ஒன்றும் வெளியிடுகிறது. 2025 தொடக்கத்தில் கொழும்பு மாவட்டத்துக்கு ஒருவருக்கு மாதம் 17,000 சொச்சம். இந்தப் பையனின் கணக்கில் அந்தக் காசுக்குக் கட்டிலும் நாலு நாள் சாப்பாடும்தான் வரும். திணைக்களத்தின் கண்ணுக்கு அவன் ஏழையே இல்லை.

இத்தனைக்கும் 45,000 வாங்குகிறவன் எங்கள் பிள்ளைகளில் கொஞ்சம் கொடுத்து வைத்தவன். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000 ஆகியிருக்கிறது. ஆகக்குறைந்தது என்று சட்டம் சொல்வதையே சம்பளமாக எடுத்துக்கொள்ளும் முதலாளிமார் நிறையப் பேர். அந்தச் சம்பளத்தில் கொழும்பில் கட்டில் எடுக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஹட்டன் பஸ் நிலையத்துத் தூணிலும் சுவரிலும் அந்த நோட்டீஸ்: "வேலையாட்கள் தேவை. தங்குமிட, உணவு வசதி உண்டு." பெற்றோருக்கு இதைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிடும். சாப்பாடும் இடமும் கொடுக்கிறார்களே, சம்பளம் அப்படியே மிச்சம்தானே!

அந்தத் தங்குமிடம் பெரும்பாலும் கடைக்கு மேலே, சாமான் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பாய். கடை திறக்கும்போது எழும்ப வேண்டும், பூட்டிய பிறகுதான் படுக்கலாம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் போட வேண்டும். போடுகிறாரா என்று கேட்க வாய் வராது. கேட்டு முதலாளி கோபித்துக்கொண்டால் வேலையோடு படுக்க இடமும் அன்றிரவே போய்விடும். தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்துக் காம்பிரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை, என்று இருநூறு வருடமாக எங்களைக் கட்டிப் போட்ட கயிறு இதுதான். லயத்தை விட்டுத் தப்பிப் போன பிள்ளையைப் புறக்கோட்டையில் அதே கயிறு பிடித்துக்கொள்கிறது. இதை எழுதும்போது எனக்கு வருகிற ஆத்திரத்தை நீங்கள் அச்சுக்குத் தகுந்தபடி திருத்திக்கொள்ளலாம்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து லீக்ஸும் கரட்டும் இரவோடு இரவாக லொறியில் பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போய், அங்கிருந்து பார்சலில் ஒரு கரண்டியாக எங்கள் பிள்ளை தட்டில் விழுவதற்குள் எத்தனை கை மாறுகிறதோ, அது வேறு கடிதத்துக்குரிய விஷயம்.

'கொழும்பில் கட்டுப்படியாகாவிட்டால் ஊருக்கு வரட்டுமே' என்று சிலர் லேசாகச் சொல்கிறார்கள். வந்து என்ன செய்வது? இங்கே டவுனில் இருக்கிற கடைகளுக்கு எத்தனை பேர் தேவை? உயர்தரம் படித்த பிள்ளை தோட்டத்துக்குப் போகாது, அதைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. கொழும்புக்குத்தான் போவார்கள். போகிறவர்கள் மானத்தோடு தங்க ஓர் இடம் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

மலையகத்துக்கென்று வீடு, காணி, சம்பளம் எல்லாவற்றையும் பற்றி மேடையில் பேசுகிறார்கள். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி என்று பேசாத தேர்தல் இல்லை. கொழும்பில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளுக்கு விடுதி கட்டுவோம் என்று ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்பு அமைச்சு இதைத் தன் வேலையாக எடுக்கலாம். தானமாகத் தர வேண்டாம். கட்டிலுக்கு ஐயாயிரமோ ஆறாயிரமோ வாங்கட்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. முக்கியமாக ஒரு பொதுச் சமையலறை. நாலு பேர் சேர்ந்து சோறும் பருப்பும் ஆக்கினால் அந்த 27,000 எவ்வளவு இறங்கும் என்று வீட்டில் அடுப்பு எரிக்கிற யாரிடமும் கேளுங்கள். வேலை மாறினாலும் கட்டில் போகாது என்ற ஒரு தைரியம் இருந்தால், சம்பளச் சிட்டை கேட்கவும் மேலதிக நேரக் காசு கேட்கவும் பிள்ளைக்குத் தானாக வாய் வரும். முதலாளிமார் சங்கங்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாதக் கடைசியில் பணவீக்கச் செய்தி போடும்போது, அன்று புறக்கோட்டையில் மரக்கறிப் பார்சல் என்ன விலை, மட்டக்குளியில் ஒரு கட்டில் என்ன வாடகை என்று பக்கத்தில் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். உங்கள் நிருபர்களும் பகலில் அதே பார்சலைத்தான் சாப்பிடுவார்கள், தகவல் தேடி அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் கடைக்காரர்,
பொகவந்தலாவை.