கும்பினிப் பட்டாளத்தில் யாரை நிறுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையக்காரர் போரை மறுபடியும் பெரிய செலவில் படமாக்கலாம் என்று உங்கள் சினிமா பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். குதிரை, கோட்டை, கிராபிக்ஸ் என்று எல்லாவற்றையும் எழுதியவர், கும்பினிப் பட்டாளத்தில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில், யாரை நிறுத்துவது என்பதை மட்டும் தொடவில்லை. எனக்கு அதில் சொந்த அக்கறை உண்டு. நான் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்.

சரித்திரப் படம் என்றாலே என்னைப் பாளையத்து வரிசையில்தான் நிறுத்துவார்கள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கையில் ஒரு ரப்பர் வேலைக் கொடுத்துவிடுவார்கள். ஃபைட் மாஸ்டர் கையைக் காட்டினால் பீரங்கிக்குச் சாக வேண்டும். சிவப்புக் கோட்டு கேட்டுப் பார்த்தேன். ஏஜென்ட் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கலர்ல எந்த ஊர்ல வெள்ளைக்காரன் இருக்கான்?" என்றார். அந்தக் கோட்டுக்கு மாமல்லபுரம் பக்கம் சுற்ற வந்த வெளிநாட்டுக்காரர்களைப் பிடித்து வருவார்கள். ஆள் போதாவிட்டால் நல்ல நிறமாக இருக்கிற பையன்களுக்கு விக் மாட்டிப் பின்வரிசையில் நிறுத்துவார்கள்.

உண்மையில் 1801-இல் சிவகங்கைச் சீமைக்குள் நுழைந்த படையில் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம். சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கிய நம் நாட்டுச் சிப்பாய்களே அதிகம். ஒரு எட்டப்பனைக் காட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று சினிமாக்காரர்கள் நினைக்கிறார்கள். ஒரே ஒரு துரோகி என்றால் கதை சொல்வது சுலபம்தான். மாதச் சம்பளத்துக்கு நின்ற அத்தனை பேரை என்ன செய்வது?

சிவகங்கையில் கும்பினியை எதிர்த்து நின்ற மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது இந்தச் சிப்பாய்களை மறக்கவில்லை. 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையில் நவாப் மாளிகை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டிய அறிக்கையில், மீசை வைத்த எல்லோரையும் போருக்கு அழைத்தவர், அதோடு விடவில்லை. கும்பினியில் வேலை பார்க்கும் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று பதவி பதவியாகச் சொல்லி, வெள்ளையரைக் கண்ட இடத்தில் ஒழிக்கச் சொன்னார். படத்தில் இது வந்தால் ஹீரோ அரண்மனைப் படியில் நின்று முழங்குவார், நாங்கள் கையைத் தூக்கிக் கத்துவோம். அதைவிட, சிவப்புக் கோட்டு போட்ட ஒரு கறுத்த சிப்பாய் ஸ்ரீரங்கத்து மதிலடியில் நின்று, யாரோ அதை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு ஷாட் போதும். வசனம்கூட வேண்டாம்.

காட்டையும் காட்ட வேண்டும். சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குப் பாதை போடக் கர்னல் அக்னியூ ஏறக்குறைய ஒரு மாதம் மரம் வெட்ட வைத்தும் போய்ச் சேர முடியவில்லை. கோடரி பிடித்தவனும் நம் ஆள், அவனைப் புதருக்குள்ளிருந்து குறி பார்த்தவனும் நம் ஆள். அப்புறம் வேறு வழியாக வந்து அக்டோபர் 1 அன்று கோயிலைப் பிடித்தார்கள். 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கில் போட்டார்கள். தூக்குமரக் காட்சிக்கு நாள் கணக்கில் கால்ஷீட் ஒதுக்குகிறவர்கள் இந்தக் காட்டு வெட்டுக்கு அரை நாளாவது ஒதுக்கலாம். போகிற போக்கில் இன்னொன்று: வெல்ஷ் என்கிற கும்பினி அதிகாரி, தனக்கு வளரி என்கிற வளைந்த எறி ஆயுதத்தை எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு அவரே அந்த மருதுவை எதிர்த்து வந்த படையில் இருந்தார். நம் கதாசிரியர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, வெள்ளைக்காரத் துரை மகளுக்கும் ஹீரோவுக்கும் காதல் வைக்கிறார்கள்.

சிப்பாயைக் காட்டாமல் விட்டால் அடுத்து நடந்ததும் புரியாது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கும்பினிக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பியவர்கள் இதே சென்னைப் படைச் சிப்பாய்கள்தான். புதுத் தலைப்பாகை போடச் சொன்னார்கள், நெற்றியில் குறி கூடாது என்றார்கள்; ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தியேட்டரில் ஒரு பையன் கேட்டால் அப்பாவிடம் என்ன பதில் இருக்கும்?

ஆகவே படம் எடுக்கப் போகிறவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். கும்பினி வரிசைக்கும் எங்களையே எடுங்கள். அதிகாரி வேடத்துக்கு வெளிநாட்டு ஆள் நாலு பேர் இருந்தால் போதும். தயாரிப்பாளருக்கும் செலவு குறையும்.

இப்படிக்கு,
ஒரு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்,
வடபழனி, சென்னை.