சித்திரை வெயிலில் எங்களோடு நின்றவர்களுக்கு

மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய மாவட்டங்களின் கரையோரங்களிலும் குளக்கட்டுகளிலும் சித்திரை நடுப்பகுதியில் தொடங்கிய பறவைப் பதிவு வைகாசிக் கடைசியில் நிறைவடைந்தது. அதற்குத் தோள் கொடுத்த ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து பார்க்கவே ஆசைப்பட்டோம். எல்லா இடத்துக்கும் வர முடியவில்லை. அதனால் இந்த மடல்.

பங்குனி முடிந்தால் வடக்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அதிகம். மாரியில் வங்காலைக் கடலேரியை நிறைத்து நின்ற வாத்துக் கூட்டங்களும் உள்ளான்களும் அதற்குள் வடதிசை ஏகிவிடும். பின்னேரங்களில் வளவுக்குள் கூப்பிடும் ஆறுமணிக் குருவியும் இந்தியாவுக்குத் திரும்பிவிடும். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பொருத்தி அனுப்பிய கடற்காகம் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போனது நமக்கெல்லாம் பெருமையான செய்திதான். ஆனால் போகாமல் இங்கேயே இருந்து, இந்த வெயிலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவற்றைத் தேடித்தான் நாங்கள் வந்தோம். அவை எங்கே இருக்கின்றன என்று காட்டித் தந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, மன்னார்த் தீவின் தென்கரையில் கரைவலை இழுக்கும் அந்த அண்ணைக்கு. "தம்பி, ஒரு சின்னக் குருவி செட்டை முறிஞ்ச மாதிரி மணலில இழுபட்டுக்கொண்டு ஓடுது. கிட்டப் போனா பறக்குது. அதுக்கு ஒண்டுமில்லை, எங்கயோ முட்டை வச்சிருக்கு" என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் புல்லரித்தது. அவர் கண்டது அனுமன் உப்புக்கொத்தி. 1915இல் பெயரிடப்பட்டு, பிறகு பல பத்தாண்டுகள் வேறோர் உப்புக்கொத்தியின் உள்ளினமாகவே எண்ணப்பட்டு, 2023இல்தான் மறுபடியும் தனி இனமாக ஏற்கப்பட்ட பறவை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும் நிலையாக வாழ்கிறது. இராமர் அணையை ஒட்டிய கரைகளில் காணப்படுவதால் அனுமன் பெயர் வந்தது.

அது கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றிச் சிப்பித் துண்டுகள், உள்ளே மணல் நிறத்தில் கரும் கீறல்கள் போட்ட முட்டைகள். பாதி மணலில் புதைந்து கிடந்தன. காலடிக்கு முன்னால் இருந்தும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை, அவர்தான் விரலை நீட்டிக் காட்டினார். உச்சி வெயிலில் தாய்ப்பறவை எழுந்து தண்ணீர் விளிம்புக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் குந்தியதைத் தூரத்தில் இருந்து தொலைநோக்கியில் பார்த்தோம். அந்த ஈரம் இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் முட்டை அவிந்துவிடும்.

அண்ணை அதோடு விடவில்லை. கூட்டைச் சுற்றி எட்டத்தில் தடிகள் நட்டார். காகம் வந்து குந்தி வேவு பார்க்கக் கூடாதென்று எல்லாத் தடியையும் முழங்கால் உயரத்துக்கு முறித்தே நட்டார். எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்ததல்ல, காகத்தைத் தெரிந்தவரின் வேலை. வலை இழுக்கும் உழவு இயந்திரம் வழக்கமாகப் போகும் தடத்தை மாற்றித் தந்த, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயாவுக்கும் நன்றி. அதனால் ஒவ்வொரு நாளும் கூடுதல் டீசல் செலவு. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டே, அந்தப் பக்கம் போன நாய்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மறித்து வைத்த அக்காமாரை எப்படி மறப்பது!

பூசை முடிந்ததும் அறிவித்தல்களோடு சேர்த்து, கரையில் முட்டை இருக்கிறது, பிள்ளைகள் பார்த்து நடக்கட்டும் என்று சொன்ன பங்குத்தந்தைக்கும், ஜும்ஆவுக்குப் பிறகு அதையே சொன்ன மௌலவிக்கும் எங்கள் வணக்கம். எங்கள் துண்டுப் பிரசுரங்களால் ஆகாத காரியம் அது.

இராமர் அணையின் மணல் திட்டிகளைப் பார்க்க அனுமதி தந்த வனசீவராசிகள் திணைக்கள அலுவலர்களுக்கும் கடற்படையினருக்கும் நன்றி. 2015இல் கடல்சார் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வைகாசியில் சோளகக் காற்று எழும் நேரத்தில் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் அங்கே வெறும் மணலில் நெருக்கியடித்து முட்டையிடுகின்றன. நாங்கள் இறங்கவில்லை. ஆள் இறங்கினால் பறவைகள் எழும்பும், எழும்பிய நேரத்துக்குள் வெயில் முட்டையைக் கெடுத்துவிடும். இதைத் தெரிந்தே, வெகு தூரத்தில் இயந்திரத்தை நிறுத்திப் படகை நீரோட்டத்தில் விட்ட ஓட்டித் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. அன்று கடல் கொஞ்சம் கரடுமுரடு.

கட்டுக்கரைக் குளத்தில் நீளவால் இலைக்கோழிகளைக் காட்டிய விவசாயிகளுக்கு என்ன சொல்வது? ஆண்பறவைதான் முட்டையை அடைகாக்கிறது என்று நாங்கள் சொல்லப் போக, "அது எங்களுக்குத் தெரியும்" என்று சிரித்தார்கள். சிறுபோகத் தண்ணீர் வேலைக்கு நடுவில் எங்களுக்காகக் கட்டு நெடுக நடந்தார்கள்.

சுண்டிக்குளம் பக்கம் வெயிலில் வாடி நின்ற எங்களைக் கூப்பிட்டு ஒடியல் கூழ் வார்த்த அம்மா, உங்கள் வேலியில் இருந்த கரிச்சான் கூட்டையும் பதிவில் சேர்த்திருக்கிறோம். கரிச்சான், கௌதாரி, நீளவால் கீச்சான் ஆகியவற்றைக் கொழும்பிலிருந்து வந்த மாணவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். இந்த நாட்டில் அவற்றுக்கு வீடு பெரும்பாலும் நம் வடக்கும் வடமேற்கும்தான். நாம் தினமும் பார்ப்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. பனங்கூடலடியில் உட்கார்ந்து கொப்பியில் படம் வரைந்து, பெயர் கேட்டு எழுதிய பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைச் சனிக்கிழமையிலும் அழைத்து வந்த ஆசிரியைக்கும் அன்பு.

கூட்டைப் படம் எடுக்க ஆசைப்பட்டு, வேண்டாம் என்று கேட்டதும் புகைப்படக் கருவியைப் பைக்குள் வைத்த நண்பர்களுக்கும் நன்றி. பதிவுகளைப் பொதுத் தளத்தில் ஏற்றிவிட்டோம். கூடுகள் இருக்கும் இடங்களை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். சில உப்புக்கொத்திகள் முதல் முட்டை அழிந்தால் மறுபடி இடும். ஆகவே ஆடி முடியும்வரை கரையில் நட்ட தடிகளைப் பிடுங்க வேண்டாம். யாராவது விறகுக்கு எடுத்துப் போவதைக் கண்டால் அண்ணையிடம் சொல்லுங்கள், அவரிடம் மிச்சத் தடிகள் இருக்கின்றன.

மிக்க நன்றியுடன்,
கோடைப் பறவைப் பதிவில் ஈடுபட்ட அனைவர் சார்பிலும்