தலைப்பை மாற்றுங்கள், முடிந்தால் மண்டபத்தையும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கவிதை விழா எடுக்கும் பாடசாலைகளுக்கும் இலக்கிய மன்றங்களுக்கும்,

வணக்கம். மார்ச் 21 உலகக் கவிதை நாள். 1999இல் யுனெஸ்கோ அறிவித்தது. 27ஆம் திகதி, காரைதீவில் 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த நாள். இரண்டும் ஒரே வாரத்தில் வருவது விழாவுக்கு வசதிதான். எடுங்கள், நானும் வருகிறேன். என் வழக்கு போட்டித் தலைப்புகளோடு.

கவிதைப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வருபவன் என்பதால் சொல்கிறேன். 'இயற்கையின் அழகு' என்று கொடுத்தால் பிள்ளைகள் மலையருவியைக் கொட்டவைக்கிறார்கள். வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரையில் எந்த மலை, எந்த அருவி? தாளைத் திருப்பினால் அதே தென்றல், அதே குயில். பிள்ளைகள் பாவம், தலைப்பு கேட்டதைத்தானே எழுதுவார்கள்! ஒரு போட்டியில் 'தாய் தந்தை' என்ற தலைப்புக்கு ஒரு மாணவி வேறு மாதிரி எழுதியிருந்தாள். அப்பா இரவில் வீச்சுவலை பொத்துகிறார், இவள் விளக்குப் பிடிக்கிறாள், தூக்கத்தில் விளக்குச் சரியும்போதெல்லாம் அப்பா இருமுகிறார். அவ்வளவுதான். 'தெய்வம்' என்ற சொல்லே அதில் இல்லை. எதுகை போதாது என்று உடனிருந்த நடுவர் புள்ளியை வெட்டினார். நான் வாதாடியும் பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை.

நாம் மாலை போடுகிறவர்கள் கவிதைக்கான கருவை எங்கே எடுத்தார்கள் என்று பாருங்கள். மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் எழும், மீன் பாடுவதாகச் சொல்லப்படும் ஒலியை நீரரமகளிரின், அதாவது நீரில் வாழும் தேவமகளிரின், இசையாகப் பாடினார் விபுலாநந்தர். பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் வயல் வேலையையே எடுத்து 'வேளாண்மை' என்று காவியம் செய்தார். அவரும் ஓர் ஆசிரியர் என்பதை ஆசிரியர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னரே இங்கே கவி இருந்தது. வயற்காவலுக்குப் போனவன் பரணிலிருந்து மச்சியை நினைத்துப் பாடிய கவி. 'மச்சான்' என்று அவள் திருப்பிக் கொடுத்த கவி. நாலே அடிதான். ஏக்கம், கேலி, சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் பெண்களின் வாயில் அது நின்ற அழகைச் சொல்லி முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். எதுகையை அவர்களுக்கு எந்த நடுவர் கற்றுக்கொடுத்தார்? மாடுகளை விட்டுச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்த காலத்தில் களத்தில் பொலிப்பாட்டும் கேட்டது. இப்போது அறுவடை மெசின் வயலில் இறங்கி ஒரு பொழுதில் வேலையை முடித்துவிடுகிறது. அதைக் குறை சொல்லமாட்டேன், இடுப்பொடிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் வேலையோடு ஒட்டியிருந்த பாட்டு வேலை போனதும் போய்விட்டது. மிச்சம் சில மூத்தம்மாக்களின் நெஞ்சில்தான் இருக்கிறது.

ஆகையால் வரும் மார்ச்சில் 'இயற்கை', 'தாய்மை', 'சமாதானம்' மூன்றுக்கும் ஓய்வு கொடுங்கள். 'எங்கள் வீட்டு வேலி', 'பெரும்போக அறுவடை நடக்கும் வயலில் ஒரு மத்தியானம்', 'மீன் விற்கும் ஒருவரின் குரல்' என்று கொடுத்துப் பாருங்கள். போட்டிக்கு முதல்நாள் பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கூட்டிச் செல்லுங்கள். படகிலிருந்து துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது அந்தக்காலப் பழக்கம். மீன் பாடாவிட்டாலும் பாதகமில்லை, காது திறக்கும்.

பிரதம அதிதியின் உரையைப் பத்து நிமிடத்தில் நிறுத்தி, அந்த நேரத்தைக் கவி தெரிந்த ஒரு மூத்தம்மாவுக்குக் கொடுங்கள். அவருக்குப் பொன்னாடை வேண்டாம். ஆட்டோக்கூலியும் மதியச் சாப்பாடும் கையில் ஒரு தொகையும் கொடுங்கள். அவர் சொல்லும் கவியைப் பிள்ளைகளே ஒலிப்பதிவு செய்யட்டும். விழா மலரில் அச்சிடும்போது 'நாட்டார் பாடல்' என்று பொதுப்படையாகப் போட்டுவிடாமல், அவர் சம்மதத்தோடு பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியர்